ரெண்டா என்று சொல்லி வாங்கிய பனை

முதலில் பெயர்ப் பிரச்சினையைத் தீர்த்துக்கொள்வோம். சாலையோரம், ஹோட்டல் வாசல், பூமலை என்று நாங்கள் சொல்லும் தாவரவியல் பூங்கா என்று சிங்கப்பூரில் பல இடங்களில், தண்டின் மேல்பகுதி சிவந்து கொத்தாக நிற்கும் ஒரு பனையைப் பார்த்திருப்பீர்கள். லிப்ஸ்டிக் பாம் என்பார்கள், சீலிங் வாக்ஸ் பாம் என்றும் சொல்வார்கள். மலாய்க்காரர்களுக்கு அது பினாங் ராஜா. பினாங் என்றால் பாக்கு, ஆக இது பாக்குகளின் ராஜா. தமிழில் செம்பனை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் ஜோகூர் எஸ்டேட்டில் பிறந்த என் சித்தப்பாவிடம் செம்பனை என்றால் எண்ணெய்ப் பனையைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். அந்தக் காலத்தில் தபால் உறைக்கு முத்திரை வைக்க அரக்கை உருக்கி ஊற்றுவார்களே, அந்த நிறம் இது. அதனால் நான் அரக்குப் பனை என்றே எழுதுகிறேன். தாவரவியல் பெயர் சிர்டோஸ்டாக்கிஸ் ரெண்டா, 1838-இல் புளூமே என்ற தாவரவியலாளர் வைத்தது. "அது என்னப்பா, ரெண்டா மூணா?" என்று என் மகள் கேட்டாள். அப்போது சிரித்தேன். வீட்டில் இருந்தது ரெண்டாவே இல்லை என்று தெரிய இரண்டு வருடம் ஆனது.

வாங்கியது 2018-இல். ஈசூனில் ஒன்பதாவது மாடி, வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. ஒரு நர்சரியில் 18 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சிறு தொட்டி. உள்ளே விரல் தடிமனில் நான்கைந்து தண்டுகள், எல்லாமே பச்சை. "சின்னதில் பச்சைதான், வளர வளர சிவக்கும்" என்றார் கடைக்காரர். அதில் பொய் இல்லை. அரக்குப் பனை சிறு வயதில் பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஓர் உண்மைக்குப் பின்னால் உலகத்தில் உள்ள எந்தப் பச்சைப் பனையும் ஒளிந்துகொள்ளலாம்.

செடி ஜோராக வளர்ந்தது. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று முறைதான் தண்ணீர், மாடிக் காற்று, பின்மதிய வெயில், எதற்கும் அசரவில்லை. 2020 ஏப்ரலில் சர்க்கிட் பிரேக்கர் என்ற கொரோனா முடக்கம் தொடங்கி வீட்டில் அடைந்து கிடந்தபோது என் நெஞ்சு உயரம் வந்துவிட்டது, சிவப்பு மட்டும் வரவில்லை. வீடியோ அழைப்பில் சித்தப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், "என்னடா, ஓலை நுனிய எலி கடிச்சிருக்கா?" என்றார்.

போய்ப் பார்த்தேன். எல்லா ஓலைகளின் நுனியும் ஒரே மாதிரி பிய்ந்து, பல்லால் கடித்துத் துப்பியது போல இருந்தது. வெட்டுக்கிளியா என்று இரவில் டார்ச் அடித்துத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. புதுக் குருத்து பிரிந்தபோது பார்த்தால் அதன் நுனியும் அப்படியே இருந்தது. யாரும் கடிக்கவில்லை, பிறவியே அப்படித்தான். நான் வளர்த்துக்கொண்டிருந்தது மெக்கார்தர் பனை, நியூகினியிலும் வட ஆஸ்திரேலியாவிலும் இருந்து வந்த இனம். நம் புளோக் கீழேயே வரிசையாக நட்டிருக்கிறார்கள், தினமும் அதைத் தாண்டித்தான் பேருந்துக்குப் போகிறேன்!

நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு பூமலைக்குப் போய் உண்மையான அரக்குப் பனையின் முன் அரை நாள் உட்கார்ந்தேன். 1859-இல் தொடங்கிய தோட்டம் அது. அதன் சின்னத்திலேயே இந்தப் பனைதான் இருக்கிறது, எனவே ஆள் மாறாட்டத்துக்கு வாய்ப்பில்லை. சிவப்பைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றதை மட்டும் பாருங்கள் என்று சொல்வேன். அப்படிப் பார்த்தால்தான் பச்சையாக இருக்கும் கன்றையும் அடையாளம் தெரியும்.

முதலில் ஓலை நுனி. அரக்குப் பனையில் அது ஒழுங்காகக் கூராக முடிகிறது. அடுத்து ஓலையின் அடிப்பக்கம். மேலே கரும்பச்சை, திருப்பினால் திருநீறு பூசித் துடைத்த மாதிரி ஒரு சாம்பல் வெளுப்பு. மெக்கார்தரில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே பச்சை. மூன்றாவது பழம். மெக்கார்தரின் பழுத்த பழம் சிவப்பு, உள்ளே விதையில் ஐந்து வரிப்பள்ளங்கள் ஓடும். அரக்குப் பனையில் பழம் பழுத்தால் கறுப்பு, விதை வழவழப்பு. தண்டு சிவந்த மரத்துக்குக் கறுப்புப் பழம், பச்சை மரத்துக்குச் சிவப்புப் பழம். குழப்புவதற்கென்றே யாரோ மாற்றி வைத்தது போல.

அப்புறம் அந்தச் சிவப்பு எங்கே இருக்கிறது என்பது. "தண்டு சிவப்பு" என்று எல்லோரும் சொல்கிறோம், உண்மையில் தண்டு சிவப்பில்லை. பாக்கு மட்டைத் தட்டில் சாப்பிட்டிருப்பீர்கள் அல்லவா? கமுகு மட்டையின் அடிப்பகுதி தண்டைக் குழாய் போலச் சுற்றி நிற்குமே, அதைத்தான் தட்டாக அழுத்துகிறார்கள். அரக்குப் பனையில் சிவப்பது அந்த உறையும் மட்டைக் காம்பும். உறை உதிர்ந்தால் உள்ளே இருக்கும் தண்டு மூங்கில் போல வளையங்களோடு பச்சையாகவோ பழுப்பாகவோதான் இருக்கும். மலாய்க்காரர்கள் இதைப் பாக்கோடு சேர்த்தது சும்மா இல்லை.

வீட்டு வாசல்களில் இன்னொரு ஆளும் இருக்கிறது, மடகாஸ்கரிலிருந்து வந்த மஞ்சள் பனை. காம்பில் மஞ்சள் ஏறியிருக்கும், அதனால் அதை இனம் காண்பது எளிது. இந்த மண்ணின் மற்றப் பனைகளைக் குழப்பிக்கொள்ளவே முடியாது. நிபோங்கில் தண்டெல்லாம் கறுப்பு முள், கடலில் கேலோங் என்ற மீன்பிடி மேடை கட்டக் கால்களாக நட்டது அந்த மரத்தைத்தான். நிப்பா சேற்றில் தண்டே தெரியாமல் படுத்திருக்கும். கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீடுகளின் அத்தாப் கூரை அதன் ஓலை, ஐஸ் கச்சாங் என்ற பனித்துருவல் இனிப்பில் வழுக்கிக்கொண்டு வரும் அத்தாப் சீ அதன் விதை. மீன்வால் பனையின் ஓலை பெயருக்கு ஏற்ற மாதிரியே இருக்கும், நம் ஊர்க் கூந்தல்பனைக்குத் தங்கை. அதன் பழத்தை மட்டும் வெறுங்கையால் நசுக்காதீர்கள், அரிப்பு எடுத்துவிடும்.

சரி, உண்மையான செடிக்கு வருகிறேன்.

சித்தப்பா வீடு செம்பவாங் பக்கம், தரைவீடு. பின்பக்க மூலையில் கூரைத் தண்ணீர் கொட்டும் இடத்தில் பதினைந்து வருடத்துக்கும் மேலாக ஒரு அரக்குப் பனைக் கொத்து நிற்கிறது. அந்த மூலை என்றைக்கும் காய்ந்து நான் பார்த்ததில்லை. "வேற எடத்துல வச்சேன், செத்துப்போச்சு. இங்க சகதியில வச்சேன், பொழச்சுக்கிச்சு" என்பது அவருடைய முழு விவசாயக் குறிப்பு. தாய்லாந்தின் தென்கோடி முதல் மலாயத் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ வரை தாழ்நிலச் சதுப்புக் காடுகளில் வளரும் மரம் இது. தேங்கிய நீரில் நிற்கப் பிறந்தது. வறட்சியும் குளிரும் இரண்டுமே ஆகாது. இங்கே குளிர் இல்லை, ஆனால் ஒன்பதாவது மாடிக் காற்று வறட்சிக்குச் சமம்.

கொத்திலிருந்து பக்கக் கன்றை அப்படியே பிடுங்கினால் பத்தில் ஒன்பது சாகும் என்று பழைய தோட்டக்காரர்கள் சொல்வார்கள். நான் இரண்டு கட்டமாகச் செய்தேன். 2020 ஆகஸ்டில் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேல் இருந்த இரண்டு கன்றுகளைத் தேர்ந்தெடுத்து, அடி மண்ணைக் கையால் விலக்கி, சொந்த வேர் தெரிகிறதா என்று பார்த்தேன். சொந்த வேர் இல்லாத கன்றைத் தொடவே கூடாது. ஸ்பிரிட்டில் துடைத்த சிறு ரம்பத்தால் தாய்மரத்தோடு இருந்த இணைப்பை மட்டும் அறுத்துவிட்டு, கன்றை அதே இடத்திலேயே விட்டேன். வெட்டிய இடத்தைச் சுற்றி ஈரத் தென்னை நார்த்தூளை அணைத்து மண்ணை மூடினேன். மூன்று மாதம் சித்தப்பா பொறுப்பு. தாய் இல்லாமல் தானே உறிஞ்சிக் குடிக்கப் பழக வேண்டும், அதற்குத்தான் அந்த மூன்று மாதம்.

நவம்பரில், மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், மண்கட்டியோடு தோண்டி எடுத்தேன். ஒவ்வொரு கன்றிலும் குருத்தையும் இரண்டு மட்டைகளையும் மட்டும் விட்டு மற்றதை வெட்டினேன். டாக்சி ஓட்டுநர் என் முகத்தையும் இருக்கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்த வருடம் இங்கே டெங்கி 35,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது. தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிட்டால் வீட்டுக்காரருக்கு அபராதம். என் கையில் இருப்பதோ காலை நனைத்துக்கொண்டே நிற்க வேண்டிய மரம். இதைத் தீர்க்காமல் இந்தப் பனையை மாடி வீட்டில் வளர்க்க முடியாது, எனவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஓட்டையில்லாத பெரிய பிளாஸ்டிக் வாளி ஒன்று, 38 சென்டிமீட்டர் உயரம். அதற்குள் அடியில் ஓட்டைகள் உள்ள தொட்டி, சுற்றிலும் மூன்று விரல் இடைவெளி. வாளியின் பக்கத்தில் அடியிலிருந்து 12 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு துளை போட்டேன். இடைவெளியில் கழுவிய கரடு மணலை 20 சென்டிமீட்டர் வரை நிரப்பினேன். ஊற்றும் தண்ணீர் தொட்டி வழியாக இறங்கி வாளியில் சேரும், 12-ஐத் தாண்டினால் துளை வழியே வெளியேறும். தண்ணீர் மட்டத்துக்கு மேல் எப்போதும் எட்டு சென்டிமீட்டர் மணல் இருப்பதால் கொசு இறங்கத் திறந்த நீர்ப்பரப்பே கிடையாது. வேருக்குச் சதுப்பு, கொசுவுக்குப் பாலைவனம்.

முதல் வாளியில் ஒரு தப்பு செய்தேன். துளையை மணல் அடைத்துக்கொண்டது. ஜனவரியில் விடாமல் மழை பெய்து தாழ்வாரத்துக்குள் சாரல் அடித்த நாளில், மணலுக்கு மேலேயே விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. மனைவியின் பழைய காலுறை ஒன்றை வெட்டி உள்பக்கத்திலிருந்து துளையை மூடிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. அதோடு துளையில் ஒரு சிறு ரப்பர் குழாய் செருகித் தாழ்வாரத்து வடிகாலுக்கு விட்டேன், இல்லாவிட்டால் எட்டாவது மாடிக்காரரின் போர்வையில் சொட்டும். மாதம் ஒரு முறை நிறையத் தண்ணீர் ஊற்றி உள்ளே தேங்கியதை வெளியேற்ற வேண்டும். ஒரு மாதம் மறந்தேன், அழுகிய முட்டை நாற்றம். இடத்தையும் அளந்துகொள்ளுங்கள்: தாழ்வாரத்தில் ஆள் நடக்க 1.2 மீட்டர் அகலம் காலியாக இருக்க வேண்டும். மணலும் தண்ணீரும் சேர்ந்தால் வாளியை அசைக்க முடியாது, அடியில் சக்கரப் பலகை வைக்காதவர்கள் பிறகு என்னைத் திட்டக்கூடாது.

ஒரு முறை பரிசோதனைக்கு வந்த சுற்றுப்புற அதிகாரி டார்ச் அடித்து, மணலில் விரலை விட்டுப் பார்த்து, "தண்ணீர் எங்கே?" என்றார். கீழே இருக்கிறது என்றேன். குழாயைப் பார்த்தார், தலையாட்டினார், அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

தொட்டிக்குள் பாதி தென்னை நார்த்தூள், கால் பங்கு சுட்ட மண், மீதி மக்கிய உரம். இரண்டு கன்றில் ஒன்று பிப்ரவரிக் காற்றில் போய்விட்டது. குருத்து பழுப்பாகி, இழுத்தால் கையோடு வந்தது. பனையில் குருத்து போனால் அந்தத் தண்டின் கதை முடிந்தது, பக்கத்தில் துளிர்க்காது. அது இன்னும் மணல் வாளிக்கு மாறாமல் சாதாரணத் தொட்டியில் இருந்த கன்று என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாவது வாளி செய்வதை இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான்.

பிழைத்த கன்றில் அடிமட்டைகளில் ஆரஞ்சுப் புள்ளிகளும் நுனிக் கருகலும் வந்தபோது முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். ஆனால் புது மட்டைகள் நன்றாகவே இருந்தன, பழையதில் மட்டும்தான் கோளாறு. அது பொட்டாசியப் பற்றாக்குறை. பழைய மட்டையிலிருந்து எடுத்துப் புதியதற்குக் கொடுக்கும் பழக்கம் பனைக்கு உண்டு. அசிங்கமாக இருக்கிறதே என்று அந்த மட்டையை வெட்டினால் செடி அடுத்த மட்டையில் கை வைக்கும். எனவே முழுதும் காயும் வரை விட்டுவிட்டு, பொட்டாசியமும் மக்னீசியமும் உள்ள, மெல்லக் கரையும் பனை உரத்தை மூன்று மாதத்துக்கு ஒரு மேசைக்கரண்டி போட்டேன். மாவுப்பூச்சி இரண்டு முறை வந்தது, ஈரத் துணியால் துடைத்ததே போதும்.

விதைக் கதை தனி. அதே நவம்பரில் சித்தப்பா வீட்டுக் கொத்திலிருந்து கறுத்த பழங்கள் அறுபது எடுத்து வந்தேன். (பூங்காக்களிலும் பூமலையிலும் விழுந்து கிடந்தாலும் பொறுக்காதீர்கள், அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம்.) இரண்டு நாள் ஊறவைத்து, வடிகட்டியில் தேய்த்துச் சதையை நீக்கினால், மிளகைவிடச் சற்றுப் பெரிய விதை. மிதந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, மற்றதை ஈர நார்த்தூளில் கலந்து தபாவ் (பார்சல் சாப்பாட்டு) டப்பாவில் மூடி, அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்தேன். பத்து வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. மனைவி இரண்டு முறை குப்பை என்று தூக்கப் போனாள். அப்புறம் ஒன்று, ஒரு வாரம் கழித்து மூன்று, என்று ஏப்ரல் வரை முளைத்துக்கொண்டே இருந்தன. மொத்தம் 23. முதல் இலை இரட்டைவால் குருவியின் வால் மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கும், நுனி கூர். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இன்று ஒன்பது மிச்சம். நான்கு வருடம் ஆகியும் என் இடுப்பைத் தொடவில்லை, ஒரு பொட்டுச் சிவப்பும் இல்லை. நர்சரியில் பெரிய அரக்குப் பனை ஏன் அவ்வளவு விலை என்று இப்போது புரிகிறது. அந்த விலையை அவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள்.

கன்றின் சிவப்பு 2023 ஜூனில் வந்தது. அதற்கு முன் தாழ்வாரத்தின் கிழக்கு ஓரத்துக்கு, காலை வெயில் நான்கு மணி நேரம் விழும் இடத்துக்கு, தள்ளி வைத்திருந்தேன். வெயில் குறைந்தால் நிறமும் மங்கும். ஒரு காலை பழைய உறை காய்ந்து விலகி நின்றது. உரிக்கக் கை துறுதுறுத்தது, பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அதுவே விழுந்தது. உள்ளே பழைய செப்புக் குடத்தின் நிறம். அடுத்த உறை ஆரஞ்சு. அதற்கடுத்ததுதான் அரக்கு. படம் எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். "தண்ணி ஊத்து" என்று மட்டும் பதில் வந்தது.

மெக்கார்தரை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். குற்றம் அதன்மேல் இல்லையே. எங்கள் புளோக் சமூகத் தோட்டத்தில் வேலி ஓரம் நட்டோம். இப்போது இரண்டு ஆள் உயரம், சிவப்புப் பழம் குலை குலையாகத் தொங்குகிறது, மைனாக்கள் சண்டை போடுகின்றன. வாங்கிய புதிதில் அது சிவப்புப் பனை என்று நானே எல்லோரிடமும் கதை சொல்லியிருந்தேன். அதனால் போன மாதம் பாண்டான் இலை பறிக்க வந்த ஏழாவது மாடி மக்சிக் (மலாய் அத்தை) தண்டை அண்ணாந்து பார்த்து, "பிலா ஜாடி மேரா?" என்றார். எப்போது சிவக்கும் என்று கேட்கிறார். சிவக்காது மக்சிக், இது வேறு சாதி, இந்த ஓலை நுனியைப் பாருங்கள் என்று ஒன்றை இழுத்துக் காட்டினேன். பிய்ந்த நுனியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பூச்சி மருந்து அடித்தாயா என்று கேட்டார்.